பல் சிகிச்சைக் கட்டணமும் பரிந்துரைக் கடிதமும்

சிம்பாங் பூலாய் வட்டாரத்தில் சில பெரியவர்கள், பல் பிடுங்க எவ்வளவு கேட்பார்களோ என்ற தயக்கத்தில் வலியைப் பொறுத்துக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். அந்தத் தயக்கம் தேவையில்லை. அரசாங்கப் பல் கிளினிக்கில் குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் 1 வெள்ளி. 60 வயதானவர்கள் அதையும் கட்ட வேண்டியதில்லை. அடையாள அட்டையைக் காட்டினால் போதும். பல் பிடுங்குவதற்கும் அடைப்பதற்கும் சில வெள்ளிதான் ஆகும்.

பொய்ப்பல் மட்டும் வேறு கணக்கு. எத்தனை பல், என்ன வகை என்பதைப் பொறுத்துக் கட்டணம் மாறும். பதிவுக் கட்டண விலக்கு இதற்குப் பொருந்தாது. பலமுறை வரவும் வேண்டியிருக்கும். ஆகவே, அச்சு எடுப்பதற்கு முன்பே மொத்தம் எவ்வளவு என்று முகப்பிடத்தில் கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம். ஓய்வூதியர் அட்டை, மாற்றுத்திறனாளி அட்டை, சமூக நல இலாகா உதவி பெறும் கடிதம் இவற்றில் எது இருந்தாலும் உடன் கொண்டு வாருங்கள். சிவப்பு அடையாள அட்டை வைத்திருப்பவர்கள் தங்களுக்குரிய கட்டணத்தை முதலிலேயே விசாரித்துக்கொள்வது நல்லது.

சில சிகிச்சைகளைக் கிளினிக்கில் செய்ய முடியாது. தாடைக்குள் புதைந்த கடைவாய்ப்பல், வாயில் கட்டி போன்றவற்றுக்கு ஈப்போ ராஜா பெர்மாய்சூரி பைனுன் மருத்துவமனையின் நிபுணரிடம் அனுப்புவார்கள். இங்கேதான் கடிதம் முக்கியம். அரசாங்கக் கிளினிக் தந்த கடிதத்துடன் போனால் நிபுணர் சிகிச்சைக்கான வழக்கமான பதிவுக் கட்டணம் 5 வெள்ளி. தனியார் மருத்துவரின் கடிதம் என்றால் முதல் வருகைக்கு 30 வெள்ளி. அவசரமில்லாத நேரத்தில் முதலில் அரசாங்கக் கிளினிக்குக்குப் போவதே சிக்கனம். நிபுணரைப் பார்க்கப் போகும்போது, நீங்கள் சாப்பிடும் எல்லா மருந்துகளையும் பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். இரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது.

வெற்றிலை பாக்கு, புகையிலை போடும் பழக்கம் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. தோட்டப்புற மக்களிடையே வாய்ப் புற்றுநோய் அதிகம் என்பதால், சுகாதார அமைச்சு 1997 முதல் வாய்ப் பரிசோதனைத் திட்டம் நடத்தி வருகிறது. தோட்டத்தை விட்டுத் தாமானுக்குக் குடிவந்தாலும் பழக்கம் கூடவே வந்திருக்கும். இரண்டு வாரமாகியும் ஆறாத புண், கன்னத்தின் உள்ளே வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு இருந்தால், வலி இல்லாவிட்டாலும் உடனே காட்டுங்கள். அதற்காகப் பரிந்துரைக் கடிதம் கொடுத்தால், மருத்துவமனை தரும் தேதியில் போய்விடுங்கள். பிள்ளைகளுக்கு லீவு கிடைக்கட்டும் என்று தள்ளிப்போட வேண்டாம்.