பகிர்ந்த ஃபோல்டர் எங்கே இருக்கிறது?

கல்யாணப் படங்கள் டிராப்பாக்ஸில் ஒரு ஃபோல்டரில் இருக்கின்றன. அண்ணன், தங்கை, சித்தப்பா மூவரும் அதைப் பகிர்ந்துகொண்டிருக்கிறார்கள். அண்ணனின் லேப்டாப்பில் இடம் போதவில்லை. ஃபோல்டரைத் திறந்து, உள்ளே இருக்கும் படங்களை மொத்தமாக டெலிட் செய்கிறார். தன்னிடம் உள்ள நகல்தானே போகிறது, மற்றவர்களிடம் இருக்குமே என்ற நினைப்பு. சற்று நேரத்தில் தங்கையின் கணினியிலும் சித்தப்பாவின் கணினியிலும் அந்தப் படங்கள் காணாமல் போகின்றன.

அதே அண்ணன், ஃபோல்டரைத் திறக்காமல் அந்த ஃபோல்டரையே டெலிட் செய்திருந்தால் மற்ற இருவருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. அவர் பகிர்விலிருந்து விலகிக்கொண்டார் என்று டிராப்பாக்ஸ் எடுத்துக்கொள்ளும், அவ்வளவுதான். உள்ளே உள்ளதை அழித்தால் எல்லோருக்கும் போகிறது. முழுவதையும் அழித்தால் தனக்கு மட்டும் போகிறது. தலைகீழான விதி போலத் தெரிகிறது. பகிர்ந்த ஃபோல்டர் என்றால் என்ன என்று கொஞ்சம் உள்ளே போய்ப் பார்த்தால் இதற்குக் காரணம் புரியும்.

மூன்று பேரும் ஒரே ஃபோல்டரைப் பார்ப்பதாக நினைக்கிறார்கள். உண்மையில் அங்கே மூன்று கணினிகளில் மூன்று நகல்களும், நிறுவனத்தின் சர்வரில் இன்னொன்றும் இருக்கின்றன. இந்த நான்கையும் ஒன்றுபோல் வைத்திருக்க ஒரு மென்பொருள் ஓயாமல் உழைக்கிறது. ‘ஒரே ஃபோல்டர்’ என்பது அந்த உழைப்பால் நமக்குக் கிடைக்கும் தோற்றம். பகிர்வில் வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை அந்தத் தோற்றம் கலையும் இடங்களில்தான் வருகின்றன. ஒவ்வொரு இடத்திலும் கணினி அறிவியலின் ஆழமான கேள்வி ஒன்று காத்திருக்கிறது.

முதல் கேள்வியைப் பாருங்கள். சர்வரில் ஒரு படம் இருக்கிறது, அண்ணனின் கணினியில் அது இல்லை. இதற்கு இரண்டு அர்த்தங்கள் உண்டு. தங்கை புதிதாகப் படத்தைச் சேர்த்திருக்கலாம், அது இன்னும் அண்ணனுக்கு வந்து சேரவில்லை. அல்லது அண்ணனிடம் இருந்த படத்தை அவர் அழித்திருக்கலாம். முதலாவது என்றால் படத்தை இங்கே இறக்க வேண்டும். இரண்டாவது என்றால் அங்கேயும் அழிக்க வேண்டும். இரண்டு பக்கத்தையும் எத்தனை முறை ஒப்பிட்டாலும் எது நடந்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது. தேவையான தகவல் அந்த இரண்டு பக்கங்களிலும் இல்லை.

அது இருப்பது கடந்த காலத்தில். கடைசியாக இரண்டு பக்கமும் ஒத்துப்போயிருந்தபோது அந்தப் படம் இருந்ததா? இருந்தது என்றால் அழித்திருக்கிறார்கள். இல்லை என்றால் புதிதாகச் சேர்த்திருக்கிறார்கள். டிராப்பாக்ஸ் தன் ஒத்திசைவு மென்பொருளை முழுவதுமாகத் திருப்பி எழுதியதைப் பற்றி 2020இல் வெளியிட்ட விவரங்களில் இதுதான் மையமான விஷயம். ஒவ்வொரு கணினியிலும் மென்பொருள் மூன்று பட்டியல்களை வைத்திருக்கிறது: சர்வரில் இருப்பது, இந்தக் கணினியில் இருப்பது, இரண்டும் கடைசியாக ஒத்துப்போனபோது இருந்தது. மூன்றாவது பட்டியலில் உள்ள எந்த நிலையும் இன்று எங்கேயும் இல்லாமல் போயிருக்கலாம். ஆனாலும் அந்த நினைவு இல்லாவிட்டால் அழிப்பதற்கும் சேர்ப்பதற்கும் வித்தியாசம் தெரியாது. அண்ணன் படங்களை அழித்ததும் மென்பொருள் மூன்றாவது பட்டியலைப் பார்த்தது, ‘முன்பு இருந்தது, இப்போது இல்லை, ஆகவே அழிக்கச் சொல்கிறார்’ என்று முடிவு செய்தது. முடிவில் தவறு ஒன்றும் இல்லை. லேப்டாப்பில் இடம் வேண்டும் என்பவர் கோப்பை ஆன்லைனில் மட்டும் வைக்கும் வசதியைத் தேர்வு செய்ய வேண்டும். மென்பொருள் அதைத் தனியாகக் குறித்துக்கொள்ளும். இலவசக் கணக்கில் அழிந்ததை 30 நாட்களுக்குள் மீட்டுவிடலாம் என்பது ஆறுதல்.

அடுத்தது, ஒரே கோப்பை இருவர் மாற்றும் சிக்கல். தங்கை ரயிலில், இணையம் இல்லாத நேரத்தில், செலவுக் கணக்கு எக்செல் கோப்பைத் திருத்துகிறார். அதே கோப்பைச் சித்தப்பா வீட்டில் உட்கார்ந்து திருத்துகிறார். இரண்டும் சர்வருக்கு வந்து சேரும்போது எது பிந்தியதோ அதை வைத்துக்கொண்டால் போதாதா?

போதாது, இரண்டு காரணங்களால். ஒன்று, கணினிக் கடிகாரங்களை நம்ப முடியாது. ஒன்றுக்கொன்று முந்தியும் பிந்தியும் ஓடும். மற்றொன்று இன்னும் ஆழமானது. லெஸ்லி லாம்போர்ட் 1978இல் எழுதிய ஆய்வுக்கட்டுரை, பல கணினிகள் சேர்ந்து இயங்கும் அமைப்பில் ‘முன்’ என்பதற்கு என்ன பொருள் என்று கேட்டது. சித்தப்பா திருத்தத் தொடங்கும் முன் தங்கையின் திருத்தம் பற்றிய செய்தி அவர் கணினிக்கு வந்திருந்தால், தங்கையுடையது முந்தியது. அப்படி எந்தச் செய்தியும் எந்தப் பக்கமும் போகவில்லை என்றால், கடிகாரம் எதைக் காட்டினாலும் இரண்டில் ஒன்றை முந்தியது என்று சொல்ல இடமில்லை. சார்பியல் கோட்பாட்டில் ஐன்ஸ்டைன் நேரத்தைப் பற்றிச் சொன்னதிலிருந்து தனக்கு இந்த எண்ணம் வந்ததாக லாம்போர்ட் கூறியிருக்கிறார். 2013ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது அவருக்குக் கிடைத்தது.

சித்தப்பாவுக்குத் தெரியாமல் தங்கையும், தங்கைக்குத் தெரியாமல் சித்தப்பாவும் செய்த திருத்தங்கள் இவை. ஆகவே டிராப்பாக்ஸ் இரண்டையும் வைத்துக்கொள்கிறது. இரண்டாவது கோப்பின் பெயரில், இது முரண்பட்ட நகல் என்ற குறிப்பையும் திருத்தியவர் பெயரையும் தேதியையும் சேர்த்துவிடுகிறது. ஃபோல்டரில் இப்படி ஒரு கோப்பு முளைத்தால் எரிச்சல் வருகிறது, ஏதோ கோளாறு என்று சிலர் அழித்தும் விடுகிறார்கள். தயவுசெய்து அழிக்காதீர்கள். உங்களில் ஒருவருடைய உழைப்பைத் தூக்கிப்போடும் அதிகாரம் தனக்கு இல்லை என்று மென்பொருள் ஒப்புக்கொள்ளும் இடம் அது. இந்த வகை மென்பொருள் செய்யும் வேலைகளில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான்.

கூகுள் டாக்ஸில் பத்துப் பேர் ஒரே நேரத்தில் தட்டச்சு செய்தாலும் இந்தச் சிக்கல் வராததற்குக் காரணம், அங்கே கோப்பு முழுசாகப் போய் வருவதில்லை. ‘இந்த இடத்தில் இந்த எழுத்தைச் சேர்’ என்ற சிறுசிறு செயல்கள்தான் போய் வருகின்றன. ஒருவர் செயலுக்கு ஏற்ப மற்றவர் செயலின் இடத்தைச் சரிசெய்யும் வழியை எல்லிஸ், கிப்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1989இலேயே எழுதிவிட்டார்கள்.

பெயரிலும் சிக்கல் உண்டு, அதிலும் தமிழில் பெயர் வைப்பவர்களுக்குக் கூடுதலாக. ‘கோவில்’ என்று ஃபோல்டருக்குப் பெயர் வைக்கிறீர்கள். யூனிகோடில் முதல் எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்தோடு ஓகாரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்க்கலாம். அல்லது ககரம், அதன் பின் ஏகாரக் கொம்பு, அதன் பின் கால் என்று தனித்தனியாக வைக்கலாம். முதல் முறையில் ‘கோவில்’ 6 குறியீடு, இரண்டாவதில் 7. திரையில் இம்மியும் வித்தியாசம் இல்லை. இரண்டையும் ஒன்றாகவே கருத வேண்டும் என்பது யூனிகோடின் விதி. ஆனால் எல்லாக் கணினிகளும் அதைப் பின்பற்றுவதில்லை. மேக் கணினிகளின் பழைய கோப்பு முறை, பெயர்களைப் பிரித்த வடிவில் மாற்றியே சேமித்தது. லினக்ஸில் பொதுவாகப் பெயர் என்பது வெறும் பைட் வரிசை. எப்படி வந்ததோ அப்படியே இருக்கும். ஆகவே இவற்றுக்கிடையே ஒத்திசைக்கும் மென்பொருள் கவனமாக இல்லாவிட்டால், ஒரே ஃபோல்டருக்குள் பார்வைக்கு அச்சு அசலான இரண்டு ‘கோவில்’கள் அருகருகே நிற்கும், படங்கள் பாதி இதிலும் பாதி அதிலுமாக.

நீளமும் ஒரு தொல்லை. லினக்ஸில் கோப்பின் பெயர் 255 பைட்டுக்குள் அடங்க வேண்டும். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட். ஆங்கிலத்தில் 255 எழுத்து வரை போகலாம் என்றால் தமிழில் 85 குறியீட்டோடு முடிந்துவிடும். புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடுகள் என்பதால், ‘ஞாயிற்றுக்கிழமை’ என்ற ஒரு சொல்லே 45 பைட்டைத் தின்றுவிடும். விண்டோஸில் பெயரில் கேள்விக்குறியோ முக்காற்புள்ளியோ வரக் கூடாது. மேக்கில் கேள்விக்குறி தாராளமாக வரலாம். மேக்கில் பிறந்த கோப்பு விண்டோஸுக்கு வராமல் நடுவழியில் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

உள்ளே யாரை விடுவது என்பது அடுத்தது. ‘அனுமதி இல்லை’ என்ற செய்திக்குப் பெரும்பாலும் எளிய காரணம்தான்: ஒரு மின்னஞ்சலுக்குப் பகிர்ந்திருப்பார்கள், பார்ப்பவர் வேறொரு மின்னஞ்சலில் உள்ளே நுழைந்திருப்பார். இந்தத் தொல்லையைத் தவிர்க்கத்தான் பலர் ‘லிங்க் வைத்திருக்கும் எவரும்’ என்று மாற்றிவிடுகிறார்கள். அந்த நொடியில் பாதுகாப்பு முழுவதும், லிங்கில் உள்ள எழுத்து வரிசையை யாராலும் ஊகிக்க முடியாது என்ற ஒன்றையே நம்பி நிற்கிறது. வரிசை நீளமாக இருந்தால் ஊகிக்க முடியாதுதான். சுருக்கிவிட்டால்? மார்ட்டின் ஜார்ஜியேவும் கார்னெல் டெக்கைச் சேர்ந்த விட்டாலி ஷ்மாட்டிகோவும் 2016இல் சுருக்க லிங்குகளை ஆராய்ந்தார்கள். பெரிய எழுத்து, சிறிய எழுத்து, எண்கள் என மொத்தம் 62 குறிகள், 6 இடங்கள். சுமார் 5,680 கோடி சேர்க்கைகள் வரும். மனிதருக்கு மலைப்பான எண். கணினிகளுக்கு முயன்று பார்க்கக்கூடிய எண். அவர்கள் யதேச்சையாகச் சேர்க்கைகளைத் தேர்ந்து சோதித்தபோது முன்பின் தெரியாதவர்களின் ஒன்டிரைவ் ஃபோல்டர்கள் திறந்துகொண்டன. அவற்றில் சுமார் 7 சதவீதத்தில், யார் வேண்டுமானாலும் புதிய கோப்பைப் போடவும் முடிந்தது. அப்படிப் போட்ட கோப்பு, ஒத்திசைவு வழியே உரிமையாளரின் கணினிக்குத் தானாகவே போய்ச் சேரும்.

கடைசியாக, நம் வீடுகளில் யாருமே கேட்காத கேள்வி: அந்தக் கோப்பு யாருடையது? நிலம் ஒருவர் பேரில் இருக்க, அதில் ஆளுக்கொரு வீடு கட்டிக்கொண்டால் என்ன ஆகுமோ அந்தக் குழப்பம் கூகுள் டிரைவில் உண்டு. ஃபோல்டருக்கு ஒரு உரிமையாளர். ஆனால் உள்ளே உள்ள ஒவ்வொரு கோப்புக்கும், அதை ஏற்றியவரே உரிமையாளர். இடமும் அவர் கணக்கில்தான் கழியும். (டிராப்பாக்ஸில் பகிர்ந்த ஃபோல்டரின் அளவு, சேர்ந்த எல்லோர் கணக்கிலும் கழியும். வெறும் 2 ஜிபி இலவசக் கணக்கு வைத்திருப்பவர் பெரிய ஃபோல்டரில் சேர முடியாமல் போவது அதனால்தான்.) ஃபோல்டரின் உரிமையை மாற்றிக் கொடுத்தாலும் உள்ளே உள்ள கோப்புகளின் உரிமை தானாக மாறுவதில்லை. ஏற்றியவரின் கணக்கு போய்விட்டால், உங்கள் ஃபோல்டரிலிருந்து அந்தக் கோப்புகளும் போய்விடும். படிப்பு முடிந்ததும் கல்லூரி மூடிவிடும் கணக்கு, வேலையை விட்டதும் அலுவலகம் மூடிவிடும் கணக்கு எல்லாம் இதில் அடக்கம். அலுவலகங்களுக்காக, நிறுவனத்தின் பேரிலேயே கோப்பு இருக்கும் தனி வகைப் பகிர்வை கூகுள் 2017இல் கொண்டுவந்தது. வீடுகளுக்கு அப்படி ஒன்று இல்லை.

2 ஆண்டுகள் பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்குகளை, உள்ளே உள்ள எல்லாவற்றோடும் சேர்த்து கூகுள் அழிக்கலாம். இந்த விதி 2023 டிசம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. தாத்தா ஏற்றிவைத்த படங்களைப் பேரப்பிள்ளைகள் தினமும் பார்த்தாலும், அது தாத்தாவின் கணக்கைப் பயன்படுத்தியதாகாது. ஆகவே உங்கள் குடும்ப ஃபோல்டரை இன்று ஒருமுறை திறந்து, ஒவ்வொரு கோப்பின் விவரத்திலும் உரிமையாளர் என்ற இடத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். பெரியவர்களின் பெயரிலோ, மூடப்போகும் கல்லூரிக் கணக்கிலோ இருந்தால், உங்கள் கணக்கில் ஒரு நகலும் வீட்டில் ஒரு ஹார்டு டிஸ்க்கில் இன்னொரு நகலும் எடுத்து வையுங்கள்.