ஸ்கேன் நார்மல், வலி நிஜம்

காலை ஏழரைக்குத் தொப்புளைச் சுற்றி வயிற்றுவலி. பள்ளி வேன் போன பிறகு கொஞ்சம் தேவலை. ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் நார்மல். “ஸ்கூலுக்கு மட்டம் போடப் பார்க்கிறான்” என்று வீட்டில் முடிவுகட்டிவிடுகிறார்கள். பிள்ளைக்குச் செய்யும் அநியாயம் அது.

பத்தில் ஒருவர்

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரக் குழந்தை மருத்துவர் ஜான் ஏப்லி, சக மருத்துவர் நெய்ஷுடன் சேர்ந்து ஆயிரம் பள்ளிப் பிள்ளைகளை ஆராய்ந்தார். ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு அடிக்கடி வயிற்றுவலி வருவதை 1958இல் எழுதினார். இவர்களில் பெரும்பாலோருக்குக் குடலில் புண்ணும் இல்லை, கட்டியும் இல்லை. குடலிலிருந்து மூளைக்குச் சேதி கடத்தும் நரம்புகள் மிகையாகத் தூண்டப்பட்டிருந்தால், வாயு நகர்வதுகூட வலியாகத் தெரியும். பரீட்சை பயமும் தூக்கக்குறைவும் அதைக் கூட்டும்.

“இன்னும் வலிக்குதா கண்ணு?”

அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் லின் வாக்கர் குழு செய்த ஆய்வு 2006இல் வெளியானது. பிள்ளைகளை வயிறு முட்டத் தண்ணீர் குடிக்க வைத்தார்கள். சில பெற்றோரை வலியைப் பற்றியே விசாரிக்கச் சொன்னார்கள். சிலரை வேறு பேச்சுக்கு இழுக்கச் சொன்னார்கள். விசாரிக்க விசாரிக்கப் பிள்ளைகளின் முறையீடு ஏறக்குறைய இரட்டித்தது. பேச்சை மாற்றிய இடத்தில் பாதியாகக் குறைந்தது. இத்தனைக்கும், பேச்சை மாற்றினால் பிள்ளைக்கு ஆகாது என்றுதான் தாய்மார் நினைத்தார்கள். வலியுள்ள பிள்ளைகளோ அதுதான் இதமாக இருந்தது என்றார்கள்.

சிகிச்சையில் நடப்பது

இந்த வலிக்குத் தரப்படும் சி.பி.டி. எனும் அறிதல் நடத்தைச் சிகிச்சையில், “வலி வந்தாச்சு, இன்னிக்கு அவ்வளவுதான்” என்ற எண்ணம் தலைதூக்கும்போதே அதைக் கண்டுபிடிக்கப் பிள்ளை பழகுகிறது. வயிறு எழுந்து தாழ மெல்ல மூச்சுவிடக் கற்கிறது. முதலில் இரண்டு பீரியட், பிறகு அரை நாள் என்று பள்ளிக்குத் திரும்புகிறது. வலி முழுதாகப் போகட்டும் என்று காத்திருப்பதில்லை. பெற்றோருக்கும் தனிப் பாடம் உண்டு. நாள்பட்ட வலியுள்ள பிள்ளைகளுக்கு இத்தகைய உளவியல் சிகிச்சைகளை உலக சுகாதார நிறுவனம் 2020இல் பரிந்துரைத்தது.

இன்னொரு சிகிச்சை ஹிப்னாசிஸ். பெயரைக் கேட்டதும் மேடை வித்தை நினைவுக்கு வரலாம். இங்கே பிள்ளை கண்மூடி, வயிறு இதமாகத் தளர்வதைக் கற்பனை செய்கிறது, அவ்வளவே. நெதர்லாந்தில் 53 பிள்ளைகளிடம் நடந்த ஆய்வு 2007இல் வெளிவந்தது. ஓராண்டு கழித்து, ஹிப்னாசிஸ் பெற்றவர்களில் 85 சதவீதத்தினர் தேறியிருந்தார்கள். வழக்கமான மருத்துவம் பெற்றவர்களில் 25 சதவீதம்தான். சிறிய ஆய்வுதான், ஆனாலும் இந்த இடைவெளியைத் தள்ளிவிட முடியாது.

எப்போது டாக்டரிடம் ஓட வேண்டும்?

எடை குறைவு, மலத்தில் ரத்தம், தொடர் வாந்தி, காய்ச்சல், தூக்கத்தைக் கலைக்கும் வலி இருந்தால் உடனே குழந்தை மருத்துவரைப் பாருங்கள். இவை எதுவுமில்லை, பரிசோதனைகளும் நார்மல் என்றால், இன்னொரு ஸ்கேனுக்கு எழுதித் தரச் சொல்லாமல், குழந்தைகளுக்கான உளவியல் நிபுணர் யாரைப் பார்க்கலாம் என்று அதே மருத்துவரிடம் கேளுங்கள்.