பனகல் பார்க்கிலிருந்து பலாலிக்கு

எங்கள் தெரு உஸ்மான் ரோட்டில் போய் முட்டும். ஆவணி பிறந்தால் எங்கள் மாடிப் போர்ஷனுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து யாராவது வந்துவிடுவார்கள், கல்யாணக் கூறை எடுக்க. போன வருடம் வந்த அம்மா கிளம்புவதற்கு முந்தின இரவு, பையை ஸ்பிரிங் தராசுக் கொக்கியில் மாட்டித் தூக்கிப் பார்த்தார். முள் நடுங்கி நின்றது. "பிள்ளை, இன்னும் ரெண்டு கிலோவுக்கு இடமிருக்கு. மருமகளுக்கு இன்னொரு சீலை எடுப்பமே?" என்றார். மறுநாள் கடை திறந்ததும் எடுத்துக்கொண்டு ஏர்போர்ட்டுக்குப் போனோம்.

இதே அம்மா 1999-ல் மூத்த மகளின் கூறைக்காக வந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. காங்கேசன்துறையில் கப்பலேறித் திருகோணமலை, அங்கிருந்து பஸ்ஸில் கொழும்பு. பிறகு விசாவுக்காக வெள்ளவத்தையில் ஒரு லாட்ஜில் காத்திருப்பு. வீட்டைவிட்டுக் கிளம்பி எங்கள் வாசலுக்கு வர இருபத்தொரு நாள் ஆகியிருந்தது. கால் வீங்கியிருந்தது. ஒரு நாள் முழுக்கத் தூங்கிவிட்டுத்தான் கடைக்கே போனார்.

இத்தனைக்கும் சென்னைக்கு நேர் தெற்கே, முந்நூற்று ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல்தான் யாழ்ப்பாணத்தின் பலாலி. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப்படை போட்ட ஓடுதளம் அது. 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோனின் முதல் விமானம் கொழும்பின் ரத்மலானையில் கிளம்பி, பலாலியில் இறங்கி, பிறகு மதராஸுக்கு வந்தது. அந்தக் கம்பெனியின் டகோட்டாக்களில் ஒன்றுக்கு 'சீதாதேவி' என்று பெயர். இலங்கை சுதந்திரம் பெறுவதற்கு முன்பே யாழ்ப்பாணத்துக்கும் மதராஸுக்கும் வான்வழி இருந்தது என்பதை இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள்.

பிறகு இலங்கையில் உள்நாட்டுப் போர் மூண்டது. பலாலி ராணுவத் தளமானது. 1990-ல் சுற்றுவட்டாரக் கிராமங்கள் மொத்தமும் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போயின. மயிலிட்டி, வசாவிளான், குரும்பசிட்டி என்று ஊர் ஊராகச் சனம் உடுத்த துணியோடு வெளியேறியது.

2019 அக்டோபர் 17-ல் அதே இடம் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. சென்னையிலிருந்து அலையன்ஸ் ஏர் பறந்தது. நாலு மாதம் ஓடியிருக்கும், கொரோனா வந்து மூடியது. 2022 டிசம்பரில் மறுபடி தொடங்கி, 2024 செப்டம்பர் 1 முதல் இண்டிகோவும் சேர்ந்துகொண்டது. எழுபது சொச்சம் பேர் உட்காரும், காற்றாடி வைத்த ஏடிஆர் விமானங்கள்தான். பயணம் ஒன்றேகால் மணி நேரம். சின்ன நிலையம், கொழும்பின் கட்டுநாயக்காவோடு ஒப்பிடவே முடியாது. ஆனால் அதன் பெயர்ப்பலகையில் தமிழ் முதலில் இருந்தது. அதற்காகத் தென்னிலங்கையில் எழுந்த கூச்சலையும், அங்கே இறங்கியவர்கள் பலகையின் முன் நின்று படமெடுத்துக்கொண்டதையும் நான் மறக்கவில்லை.

எல்லாம் திரும்பிவிட்டதாக நினைத்துவிடக் கூடாது. மயிலிட்டித் துறைமுகப் பகுதி 2017-ல் மக்களிடம் வந்தது. இன்னும் பல காணிகள் வரவில்லை. அந்த அம்மாவுக்குச் சொந்த ஊர் வசாவிளான். வீடும் கிணறும் கம்பி வேலிக்கு அந்தப் பக்கம். சென்னைக்கு விமானம் ஏற அந்த வேலியோரமாகத்தான் பஸ்ஸில் வருகிறார்.

போன வருடம் கிளம்பிய அன்று மீனம்பாக்கத்தில் கவுன்டர் முன் நின்று, "தம்பி, யன்னல் பக்கம் தாங்கோ" என்று இரண்டு முறை கேட்டு வாங்கிக்கொண்டதாகப் பிறகு சொன்னார். அவரை விட்டுவிட்டு நான் மாம்பலம் திரும்பி, மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருக்கும்போது போன் வந்தது.

"இறங்கிட்டன் பிள்ளை. கிணத்தடித் தென்னை ரெண்டும் மேலயிருந்து தெரிஞ்சுது. வீட்டைக் காணேல்லை."