செர்வாந்தெசின் சிறைவாசிக் கதையில் தோழமையும் விடுதலையும்

ஆய்வுச் சுருக்கம்
மிகேல் தெ செர்வாந்தெஸ் 1605இல் வெளியிட்ட 'தொன் கிஹோத்தே' புதினத்தின் முதற்பகுதியில், 39 முதல் 41 வரையிலான இயல்களில் அல்ஜியர்ஸ் சிறையிலிருந்து மீண்ட படைத்தலைவர் ஒருவரின் கதை இடம்பெறுகின்றது. அக்கதையில் தோழமை என்பது உணர்ச்சி நிலையில் நின்றுவிடாமல், விடுதலையைப் பகிர்ந்துகொள்ளும் முறையில் சோதிக்கப்படுகின்றது என்பதை இக்கட்டுரை விளக்குகின்றது.

திறவுச் சொற்கள்: செர்வாந்தெஸ், தோழமை, சிறைவாசம், மீட்புத்தொகை, அல்ஜியர்ஸ்.

முன்னுரை
தோழரைக் குறிக்கும் 'கமராதா' என்னும் ஸ்பானியச் சொல், அறை எனப் பொருள்படும் 'காமரா' என்பதன் அடியாகப் பிறந்தது. ஒரே தங்குமிடத்தில் உண்டு உறங்கும் வீரரையே அச்சொல் முதலில் சுட்டியது. அறையைப் பகிர்ந்தோர் சிறையையும் பகிர நேரும்போது அவ்வுறவு என்னவாகின்றது என்பதே செர்வாந்தெஸ் எழுப்பும் வினாவாகும்.

துடுப்புப் பலகையில் தோழமை
1571இல் நிகழ்ந்த லெபாந்தோ கடற்போரில் படைத்தலைவர் பகைவரின் கப்பலில் தாவி ஏறுகின்றார். அக்கப்பல் விலகிவிடவே, அவர்தம் வீரர்கள் பின்தொடர இயலாது போகின்றது. தம் தரப்பு வென்ற நாளில் அவர் தனியராய்ச் சிறைப்படுகின்றார். பின்னர்த் துடுப்பு வலிக்கும் அடிமையாக இருக்கையில், பேத்ரோ தெ அகிலார் என்னும் வீரர் அவருடைய பலகையிலேயே அமர்த்தப்படுகின்றார். அகிலார் இயற்றிய ஈரேழடிப் பாக்கள் இரண்டினைப் படைத்தலைவர் மனத்தில் இருத்தியிருக்கின்றார். அகிலார் தப்பிச் சென்றபின் என்ன ஆனார் என்பதை அவர் உறுதியாக அறியார். பல்லாண்டுகள் கழித்து, வழிப்போக்கர் விடுதியொன்றில் இக்கதையைக் கூறும்போது, கேட்போருள் ஒருவர் தாம் அகிலாரின் உடன்பிறந்தார் என்கின்றார். அகிலார் நலமுடன் ஊர் திரும்பிய செய்தியையும் தெரிவிக்கின்றார். இவ்வாறு சிறைத்தோழமை வழித்தோழமையோடு இணைகின்றது.

முதலில் மீள்பவர் யார்?
சொராய்தா என்னும் மூர் இனப் பெண், நாணற்கோலில் கட்டிய துணியின் வழியே சிறைவாசிகளுக்குப் பணம் அனுப்புகின்றாள். ஒருவர் மீண்டு சென்று படகுடன் திரும்பிவந்து பிறரை அழைத்துச் செல்லலாம் என்பது அவள் கருத்து. ஒவ்வொருவரும் தாமே முன்செல்வதாகவும் தவறாது திரும்புவதாகவும் உறுதி கூறுகின்றனர். படைத்தலைவரும் அவ்வாறே கூறுகின்றார். ஆனால் அவர்களுக்கு உதவும் மதம் மாறிய ஸ்பானியர் இதனை மறுக்கின்றார். சிறையில் கொடுத்த வாக்கை விடுதலை பெற்றோர் காப்பதில்லை என்பதே அவர் கண்ட பட்டறிவு. மீண்டும் சிறைப்படும் அச்சம், பட்ட கடன்களையெல்லாம் மறக்கச் செய்துவிடும் என்கின்றார். எனவே அனைவரும் ஒருங்கே மீள்வதென முடிவாகின்றது.

முதலில் தம்மை மீட்டுக்கொண்ட படைத்தலைவர், தோழர் மூவரையும் உடனே மீட்கின்றார். இதற்கு அவர் கூறும் காரணம் அன்பு மட்டுமன்று. தாம் மட்டும் விடுதலை பெற்றதைக் கண்டு அவர்கள் மனம் கலங்கி, சொராய்தாவுக்குத் தீங்கு இழைத்துவிடக்கூடும் என அவர் அஞ்சுகின்றார். அவர்தம் பண்பை நம்பியபோதும், அந்நம்பிக்கையை இடருக்கு உட்படுத்த அவர் விரும்பவில்லை.

ஆசிரியரின் பட்டறிவு
செர்வாந்தெஸ் 1575இல் தம் தம்பி ரோத்ரிகோவுடன் சிறைப்பட்டார். 1577இல் ரோத்ரிகோ மட்டும் மீட்கப்பட்டார். அவர் வாயிலாகப் படகு வரவழைக்கும் திட்டம், உள்ளிருந்த ஒருவரின் காட்டிக்கொடுப்பால் சிதைந்தது. பழி முழுவதையும் செர்வாந்தெஸ் தாமே ஏற்றார். நான்கு முறை தப்ப முயன்று தோற்ற அவர், 1580இல் 500 பொற்காசுகளுக்கு மீட்கப்பட்டார். மீண்டவர் உதவ முயன்றதையும் உடனிருந்தவர் காட்டிக்கொடுத்ததையும் ஒருசேரக் கண்ட பட்டறிவு, கதையில் வரும் எச்சரிக்கைக்கு ஆழம் சேர்க்கின்றது.

முடிவுரை
செர்வாந்தெஸ் தோழமையைப் புகழ்ந்துரைப்பதோடு அமையவில்லை. அச்சம் நல்லோரையும் மாற்றவல்லது என அவர் அறிந்திருந்தார். ஆகவே, ஒருவர்க்கொருவர் கொடுக்கும் வாக்கினும், எவரையும் பின்விடாத ஏற்பாடே தோழமையைக் காக்கும் என்பதை இக்கதை உணர்த்துகின்றது எனலாம்.