சக்கரத்தின் மேல் ஒரு சின்ன வீடு: உள்ளே ஒன்று, வெளியே ஒன்று

வெள்ளிக்கிழமை மாலை வேலை முடிந்ததும் வண்டியின் பின்னால் காம்பர் டிரெய்லரை மாட்டிக்கொண்டு கிளம்பி, ஞாயிறு மாலை வீடு திரும்பும் பழக்கம் நம் குடும்பங்கள் சிலவற்றுக்கும் வந்துவிட்டது. நல்ல பழக்கம்! பிரிட்ஜ்வாட்டரில் இருப்பவர்கள் இதற்காக வெகுதூரம் போக வேண்டியதில்லை. 78ஆம் நெடுஞ்சாலையில் மேற்கே போனால் கிளின்டன் அருகே ஸ்ப்ரூஸ் ரன் நீர்த்தேக்கம். அதையும் தாண்டினால் வூர்ஹீஸ் மாநிலப் பூங்கா. இரண்டிலும் டிரெய்லர் நிறுத்தித் தங்க இடம் உண்டு. வூர்ஹீஸில் ஒரு வானியல் கழகம் நடத்தும் தொலைநோக்கி நிலையமும் இருக்கிறது. பிள்ளைகளுக்கு அது ஒரு தனி விருந்து.

"வீடு இருக்க, காசு கொடுத்து எதற்குப் பெட்டிக்குள் போய்ப் படுக்க வேண்டும்?" என்று பெரியவர்கள் சிலர் கேட்பார்கள். 1995 அக்டோபரில் யாழ்ப்பாணத்தை விட்டு இடம்பெயர்ந்த பல இலட்சம் பேரில் நானும் ஒருவன். ஆகவே அந்தக் கேள்வியின் பொருள் எனக்கு நன்றாகவே புரியும். ஆனாலும் ஒரு குடும்ப டாக்டராகச் சொல்கிறேன்: போய் வாருங்கள். நாள் முழுதும் கணினி முன் உட்கார்ந்திருப்பவர் அங்கே நடக்கிறார். நடப்பது சர்க்கரை நோய்க்கும் நல்லது, இரத்த அழுத்தத்துக்கும் நல்லது. பேரப்பிள்ளைகள் தாத்தா பாட்டியோடு உட்கார்ந்து பேசுகிறார்கள்.

போகுமுன் இரண்டு ஆபத்துகளை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். ஒன்று டிரெய்லருக்கு உள்ளே இருப்பது. மற்றது வெளியே புல்லில் இருப்பது. இரண்டுமே ஏதோ சாதாரண உபாதை போல வேடம் போட்டுக்கொண்டு வரும். அதனால்தான் தவறவிடுகிறோம்.

உள்ளே: கார்பன் மோனாக்சைடு

அக்டோபரில் இலைகள் நிறம் மாறும்போது பலரும் டிரெய்லரோடு கிளம்புவார்கள். இரவில் நன்றாகக் குளிரும். கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் அடைத்துவிட்டு, சூட்டுக்காகக் காஸ் அடுப்பைச் சிறிதாக எரியவிடத் தோன்றும். தயவுசெய்து வேண்டாம்! காஸ், கரி, பெட்ரோல் எது எரிந்தாலும் கார்பன் மோனாக்சைடு உண்டாகலாம். அதற்கு நிறமில்லை, மணமுமில்லை. சமையல் காஸ் கசிந்தால் மூக்குக்குத் தெரியவேண்டும் என்று அதில் ஒரு நாற்றம் சேர்த்திருக்கிறார்கள். இந்த வாயுவில் அப்படி எதுவும் கிடையாது. ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு இது இரத்தத்தின் ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்கிறது.

தலைவலி, குமட்டல், தலைச்சுற்றல், அசதி ஆகியவையே அறிகுறிகள். "பிரயாணக் களைப்பு" அல்லது "மத்தியானம் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை" என்று நினைத்துப் படுத்துவிடுவோம். தூங்குகிறவருக்கு எந்த எச்சரிக்கையும் கிடைப்பதில்லை. ஒரே நேரத்தில் இரண்டு மூன்று பேருக்குத் தலை வலித்தால், வெளியே வந்ததும் அது குறைந்தால், இந்த வாயுவைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். எல்லாரையும் வெளியே கொண்டுவந்துவிட்டு 911ஐ அழையுங்கள்.

இன்னொரு விஷயம். கோவிட் காலத்தில் வாங்கிய, விரலில் மாட்டும் ஆக்ஸிஜன் கருவி நம் வீடுகளில் இருக்கும். அதை நம்பாதீர்கள். கார்பன் மோனாக்சைடு ஏறிய இரத்தத்தையும் அது ஆக்ஸிஜன் நிறைந்த இரத்தம் என்றே காட்டும்.

செய்ய வேண்டியவை எளிமையானவை. கார்பன் மோனாக்சைடு அலாரம் டிரெய்லரில் இருக்கிறதா, வேலை செய்கிறதா, காலாவதியாகிவிட்டதா என்று பாருங்கள். காஸ் கசிவைக் காட்டும் அலாரம் வேறு, இது வேறு. ஜெனரேட்டரைக் குறைந்தது 20 அடி தள்ளி, புகை ஜன்னல் பக்கம் வராதபடி வையுங்கள். கரி அடுப்பை, அணைத்த பிறகும், உள்ளே கொண்டுவராதீர்கள். தோசை சுடும்போது மேல் துவாரமும் ஒரு ஜன்னலும் திறந்திருக்கட்டும்.

வெளியே: கசகசா அளவில் ஓர் உண்ணி

ஸ்ப்ரூஸ் ரன், வூர்ஹீஸ் இரண்டும் ஹன்டர்டன் கவுண்டியில் இருக்கின்றன. மான்களும் காட்டெலிகளும் நிறைந்த பகுதி. லைம் நோய்க்கும் பெயர் போனது. 1975இல் கனெக்டிகட் மாநிலத்தின் லைம் என்ற ஊரில், தன் வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் பலருக்கு மூட்டு வீங்குவதைக் கண்ட பாலி மரே என்ற தாய் சுகாதாரத் துறைக்குத் தெரிவித்தார். அதன்பின் நடந்த ஆராய்ச்சியால் நோய்க்கு அந்த ஊர்ப் பெயரே வந்தது. மான் உண்ணி பரப்பும் ஒரு பாக்டீரியாவே காரணம் என்பது 1982இல் வெளியானது.

மே முதல் ஜூலை வரை திரியும் இளம் உண்ணி கசகசா விதை அளவுதான் இருக்கும். கடிப்பது தெரியாது, வலிக்காது. ஆனால் நமக்கு அவகாசம் உண்டு. பொதுவாக ஒரு நாளுக்கு மேல் ஒட்டியிருந்தால்தான் கிருமி உடலில் ஏறுகிறது. ஆகவே தினமும் மாலையில் பார்த்து எடுத்துவிட்டால் பெரும்பாலும் தப்பிவிடலாம். காதின் பின்புறம், தலைமுடிக்குள், அக்குள், தொப்புள், இடுப்பு, முழங்காலின் பின்புறம் எல்லாம் பாருங்கள். ஊரில் மாட்டுக்குச் செய்ததுபோல் எண்ணெய் தடவுவதும் நெருப்பு வைப்பதும் வேண்டாம். கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, நேராக மேலே இழுங்கள்.

நோய் தொற்றியவர்களில் 100க்கு 70 முதல் 80 பேருக்கு, 3 முதல் 30 நாட்களுக்குள் தோலில் ஒரு தடிப்பு பரவும். பாடப் புத்தகங்களில் வெள்ளைத் தோலின் மேல் சிவப்பு வளையமாக அதைக் காட்டுவார்கள். நம் மாநிறத் தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது. கன்றிப்போன இடம் போலக் கருமையாகவோ ஊதாவாகவோ இருக்கலாம். "எங்கோ இடித்துக்கொண்டான்" என்று விட்டுவிடாதீர்கள். நாளுக்கு நாள் அது பெரிதாகிறதா என்று பாருங்கள். தினம் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

ஆரம்ப வாரங்களில் இரத்தப் பரிசோதனை நோய் இல்லை என்றே சொல்லக்கூடும். எனவே, "மூன்று வாரம் முன்பு காம்பிங் போயிருந்தோம்" என்று டாக்டரிடம் நீங்களாகவே முதலில் சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியம் பல பரிசோதனைகளுக்குச் சமம். ஆரம்பத்திலேயே கண்டால் ஆன்டிபயாடிக் மருந்தில் குணமாகும். விட்டுவிட்டால் முகம் ஒரு பக்கம் கோணலாம், முழங்கால் வீங்கலாம், இதயத் துடிப்பு பாதிக்கப்படலாம். உண்ணி நன்றாக இரத்தம் குடித்து உப்பியிருந்தால் அதை ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு 72 மணி நேரத்துக்குள் டாக்டரைப் பாருங்கள். சிலருக்கு ஒரே வேளை மருந்து போதும்.

நம் பெற்றோர் ஆறு மாதம் வந்து தங்கிவிட்டு ஊர் திரும்புகிறார்கள். அங்கே போனபின் காய்ச்சலோ மூட்டு வீக்கமோ வந்தால், சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ உள்ள டாக்டருக்கு லைம் நோய் நினைவுக்கு வருவது கடினம். அவர்கள் இங்கே காட்டில் தங்கியதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தனுப்புங்கள்.

கூடவே எடுத்துச் செல்லுங்கள்

• கூர்முனை இடுக்கி, டார்ச், பூதக்கண்ணாடி
• டீட் கலந்த பூச்சி விரட்டி, வெளிர் நிற முழுக்கால் சட்டை, நீண்ட காலுறை
• அலாரத்துக்கு மாற்று பேட்டரி
• இன்சுலின் போடுபவர்கள் அதை வெயிலில் நிற்கும் டிரெய்லரில் விடாமல் வைக்க ஒரு குளிர்ப்பெட்டி. மருந்து பனிக்கட்டியில் நேரடியாகப் படக்கூடாது.

வீடு திரும்பியதும் குளியுங்கள். போட்டிருந்த உடைகளைத் துவைக்கும் முன்பே டிரையரில் அதிகச் சூட்டில் 10 நிமிடம் ஓடவிடுங்கள். ஒளிந்திருக்கும் உண்ணி செத்துவிடும்.

இவ்வளவுதான். அலாரத்தைப் பார்ப்பதற்கு ஒரு நிமிடம், பிள்ளைகளின் உடம்பைப் பார்ப்பதற்கு ஐந்து நிமிடம். மீதி நேரமெல்லாம் உங்களுக்கும் மரங்களுக்கும்தான். மகிழ்ச்சியாகப் போய், நலமாகத் திரும்பி வாருங்கள்!