கொசுறாக வந்த செல்வம்

காய்கறிக் கடையில் கத்தரிக்காயை நிறுத்துக் கொடுத்த பிறகு, கடைக்காரர் கறிவேப்பிலைக் கொத்து ஒன்றைப் பைக்குள் போடுவார் அல்லவா? அதற்குக் கொசுறு என்று பெயர். விலை கொடுத்து வாங்கிய சரக்கைவிடக் கொசுறு உயர்ந்ததாய் இருக்கக் கூடுமோ? கூடும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் நாம் தெரிந்துகொண்டோம்.

நண்பர் ஒருவர் டி.வி.டி. பெட்டி ஒன்றை இரவல் கொடுத்திருந்தார். 1927-ஆம் வருஷம் அக்டோபர் 6-ஆம் தேதி நியூயார்க் நகரில் வெளியான 'தி ஜாஸ் சிங்கர்' என்னும் படத்தின் எண்பதாவது ஆண்டு நிறைவை ஒட்டி, வார்னர் கம்பெனியார் 2007-ல் வெளியிட்ட பெட்டி அது. படம் சுமார் ஒன்றரை மணி நேரம். பெட்டியிலோ மூன்று தகடுகள்! "படம் ஒன்றுதானே, அப்பா? மற்ற இரண்டும் எதற்கு?" என்று நம் புதல்வன் கேட்டான். "கொசுறு" என்றோம். முதல் தகட்டில் பாதி ஓடுவதற்குள் அவன் கொட்டாவி விட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டான்.

அவனைக் குறை கூறுவதற்கில்லை. பேசும் படங்களின் மூதாதை என்று உலகம் கொண்டாடும் அப்படத்தில் பாத்திரங்கள் வாய் திறந்து பேசுவது ஏறக்குறைய இரண்டு நிமிஷந்தான். நடுநடுவே பாட்டுக்கள் வருகின்றன. மற்றப்படி, ஊமைப் படங்களில் போலவே எழுத்து அட்டைகள்தாம் கதையைச் சொல்லுகின்றன. உண்மையான அதிசயம் மற்ற இரண்டு தகடுகளில் காத்திருந்தது.

அதை உணர வேண்டுமானால் அக்காலத்து முறையைச் சிறிது அறிய வேண்டும். வார்னர் கம்பெனியாரின் 'வைட்டஃபோன்' ஏற்பாட்டில் ஒலி படச் சுருளில் இல்லை. 16 அங்குலக் குறுக்களவுள்ள இசைத் தட்டில் தனியே இருந்தது. ஒரு சுருளுக்கு ஒரு தட்டு. ஓடும் நேரம் சுமார் 11 நிமிஷம். ஊசி தட்டின் உட்புறத்தில் தொடங்கி விளிம்பை நோக்கி நகரும். சுருள் அறுந்து நாலு கட்டங்கள் வீணானால், அதே அளவு வெற்றுப் பிலிமை ஒட்டியாக வேண்டும். தவறினால் கதாநாயகியின் வாயசைப்புக்குக் கதாநாயகனின் குரல் வரும்! ஒரு தட்டு சுமார் 20 தடவைதான் தாங்கும். ஓட்டிய கணக்கைக் குறிப்பதற்காகத் தட்டின் சீட்டிலேயே சிறு கட்டங்கள் அச்சிட்டிருந்தார்கள்.

சில வருஷங்களில், ஒலியைப் பிலிமின் ஓரத்திலேயே பதியும் முறை வெற்றி பெற்றது. தட்டுக்கள் வேண்டாத பொருளாயின. சுருள் ஓரிடத்திலும் தட்டு வேறிடத்திலுமாகக் குடும்பம் பிரிந்தது. சுருள் மாத்திரம் அகப்பட்டால் குரலற்ற உருவம். தட்டு மாத்திரம் அகப்பட்டால் உருவமற்ற குரல். ரான் ஹட்சின்ஸன் முதலிய சில இசைத் தட்டு அபிமானிகள் 1991-ல் 'வைட்டஃபோன் பிராஜெக்ட்' என்னும் சங்கத்தை அமைத்து, பலர் வீட்டில் கிடந்த தட்டுக்களைத் தேடிப் பிடித்து, காப்பகங்களில் ஊமையாய்க் கிடந்த சுருள்களோடு சேர்த்துவைக்கத் தொண்டு புரிந்தார்கள். மூன்றாவது தகட்டில் மூன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடும் குறும்படங்கள் அந்த வைட்டஃபோன் காலத்தவையே.

பெட்டியில் உள்ள குறும்படங்களில் ஒன்று 'எ பிளான்டேஷன் ஆக்ட்.' 'ஜாஸ் சிங்கர்' கதாநாயகரான அல் ஜால்ஸன், அதற்கு ஓராண்டு முன்னதாக 1926-லேயே பாடியும் பேசியும் நடித்தது. வெகுகாலம் இது தொலைந்துபோனதென்றே கருதினார்கள். பின்னர், அமெரிக்க லைப்ரரி ஆஃப் காங்கிரஸில், வேறொரு படத்தின் விளம்பரச் சுருள் என்று தவறாக எண்ணிய நிலையில் இதன் சுருள் அகப்பட்டது. ஒலி? தட்டு உடைந்துபோயிருந்தது, யாரோ ஒருவர் துண்டுகளைக் கோந்து போட்டு ஒட்டிவைத்திருந்தார். ஒட்டிய லட்சணம் சுமார்தான். எனினும் நிபுணர்கள் நவீன யந்திரங்களின் உதவியால் அதிலிருந்து குரலை மீட்டுவிட்டார்கள். பெயர் தெரியாத அந்தப் புண்ணியவான் உடைந்த துண்டுகளைக் குப்பையில் எறிந்திருந்தால் ஜால்ஸன் இன்று வெறுமே வாயை அசைத்துக்கொண்டிருப்பார்.

அந்த வாயைச் சுற்றிலும் கரி பூசியிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். வெள்ளைக்காரர் முகத்தில் கறுப்புச் சாயம் பூசிக்கொண்டு நீக்ரோ மக்களைப் போல் நடிப்பதை வேடிக்கை என்று எண்ணிய காலம் அது. பார்க்கும்போது நம் மனம் கூசத்தான் செய்கிறது. ஆயினும் வெட்டி எறியாமல் காட்டியிருப்பதே நியாயம் என்பது நமது அபிப்பிராயம். சரித்திரம் அழகானதை மட்டும் பொறுக்கி வைப்பதன்று.

எல்லாப் பிரிவும் சேர்க்கையில் முடிவதில்லை. 1929-ல் வந்த 'கோல்டு டிகர்ஸ் ஆஃப் பிராட்வே' என்னும் வர்ணப் படத்தின் இசைத் தட்டுக்கள் முழுவதும் பிழைத்திருக்கின்றன. படத்திலோ கடைசிப் பகுதியும் சில துணுக்குகளுமே எஞ்சின. எஞ்சியதில் இரு காட்சிகளை இரண்டாவது தகட்டில் காணலாம்.

நம் தேசத்தை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. 1931 மார்ச் 14-ல் பம்பாயில் வெளியான 'ஆலம் ஆரா'வுக்கு இன்று ஒரு பிரதியும் இல்லை. அவ்வருஷம் அக்டோபர் 31-ல் வெளியாகி, டி. பி. ராஜலக்ஷ்மியைத் தமிழ் பேசக் காட்டிய 'காளிதாஸ்' படத்துக்கும் அதே கதி. கொசுறு கிடக்கட்டும், சரக்கே இல்லை!

உடைந்த தட்டின் கதையைச் சாப்பாட்டு வேளையில் கூறினோம். புதல்வன் இம்முறை கொட்டாவி விடவில்லை. "நம் வீட்டில் பழைய பிளேட்டுகள் இருந்தனவா, அப்பா?" என்று கேட்டான். இருந்தன. பாட்டனாரின் தகரப் பெட்டி நிறைய இருந்தன. ஒரு பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளை அடித்தபோது, விரிசல் கண்டவை என்று சொல்லிப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டவர் வேறு யாருமல்லர்; நாமே. என்னென்ன பாட்டுக்கள் என்று சீட்டைக்கூடப் படித்துப் பார்க்கவில்லை.

"இருந்தன" என்று மட்டும் சொல்லிவிட்டு, மோர் கேட்டு வாங்கிக்கொண்டோம்.