ஹூக்கா பிடிப்பவர்கள் யார்?

தாராபுரம் வட்டாரத்துக்குப் புகையிலை புதிதல்ல. வட்டக்கப்பல், ஊசிக்கப்பல் போன்ற நாட்டு ரகங்கள் கொங்கு நாட்டுத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக விளைந்தவை. 19ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில், கோவை மாவட்டத்துப் புகையிலை மலபாருக்குப் போகும் வியாபாரத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனி வேறு யாருக்கும் விடாமல் தன் கைக்குள்ளேயே வைத்திருந்தது. ஆனால் இங்கே விளைந்ததில் பெரும்பங்கு மெல்லுகிற புகையிலைதான். அதற்குக் கிணற்றுத் தண்ணீரும் ஒரு காரணம். உப்புத் தண்ணீர் பாய்ந்த இலையில் குளோரைடு ஏறிவிடும். அப்படிப்பட்ட இலை சரியாக எரியாது, சுருட்டுக்கும் சிகரெட்டுக்கும் ஆகாது. மெல்லுவதற்கு அது ஒரு குறையே இல்லை.

அதனால் அமுச்சியின் சுருக்குப்பையில் வெற்றிலையோடு ஒரு துண்டு போயிலை இருக்கும், ஆண்கள் மடியில் பீடிக்கட்டு இருக்கும். ஹூக்கா மட்டும் இந்த ஊர்த் திண்ணைக்கு வந்ததே இல்லை. அது வந்தது பின்னாளில், கோவை, சென்னை போன்ற நகரங்களின் காபி ஷாப்புகள் வழியாக. இங்கிருந்து படிக்கவும் வேலைக்கும் அங்கே போகும் பிள்ளைகள்தான் அதை முதலில் பார்க்கிறார்கள்.

கருவியின் அமைப்பு எளிது. உச்சியில் மண்ணாலோ பீங்கானாலோ ஆன சிலிம் என்ற கிண்ணம், அதிலிருந்து கீழே இறங்கும் தண்டு, தண்டின் அடிமுனை மூழ்கியிருக்கும் தண்ணீர்க் குடுவை, குடுவையின் மேற்பகுதியிலிருந்து வாய்க்கு வரும் குழாய். சிலிமில் புகையிலையும் அதன்மேல் கரித்துண்டும் இருக்கும். குழாயில் உறிஞ்சும்போது குடுவைக்குள் தண்ணீருக்கு மேலே காற்றழுத்தம் குறைகிறது. அதை ஈடுகட்ட வெளிக்காற்று கரியின் ஊடே புகுந்து, சூடேறிப் புகையிலையைத் தாண்டி, தண்டு வழியாக இறங்கித் தண்ணீரில் குமிழியிட்டு மேலே வருகிறது. ‘குடுகுடு’ சத்தம் அந்தக் குமிழிகளுடையது.

புகையிலையில் இரண்டு வகை. வட இந்தியக் கிராமங்களில் இலையோடு வெல்லப்பாகு சேர்த்துப் பிசைந்தது. நகரத்துக் கடைகளில் தருவது மொலாசஸ் அல்லது தேன், கிளிசரின், பழவாசனை சேர்த்து ஊறவைத்த ‘மாசல்’. 1990களில் அரபு நாடுகளில் தொடங்கி உலகெங்கும் இளைஞர்களிடம் ஹூக்கா பரவியதற்கு இந்த மாசல்தான் முக்கியக் காரணம். நெடியோ கசப்போ இல்லாமல் ஆப்பிளும் புதினாவும் மணப்பதால், புகைத்தே பழகாதவருக்கும் தொண்டை கமறுவதில்லை. ஈரம் மிகுந்த மாசல் தானாக எரியாது, கரி கனன்றுகொண்டே இருந்தால்தான் புகை வரும். ஆகவே புகையிலைப் புகையோடு கரி உமிழும் கார்பன் மோனாக்சைடும் சேர்ந்தே உள்ளே போகிறது. புகையிலையே இல்லாத ‘ஹெர்பல்’ ஹூக்காவிலும் கரி உண்டு. அதில் நிகோடின் இல்லை என்பது உண்மைதான், ஆனால் கார்பன் மோனாக்சைடும் தாரும் இருக்கின்றன.

தண்ணீர் நச்சை வடிகட்டிவிடும் என்பது பலரின் நம்பிக்கை. ரசத்தை ஆற்றினால் சூடு குறையும், உப்பு குறையுமா? தண்ணீர் இங்கே செய்வதும் ஆற்றுகிற வேலைதான். குளிர்ந்த புகை தொண்டையில் காந்தாது என்பதால் இழுப்பு நீளமாகிறது, நுரையீரலின் ஆழத்துக்கும் போகிறது. தாமஸ் ஐசன்பெர்க், ஆலன் ஷிஹாதே இருவரும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், 31 பேரை ஒருநாள் ஹூக்காவும் மற்றொருநாள் ஒரு சிகரெட்டும் புகைக்கவைத்து அளந்தார்கள். சிகரெட்டில் உள்ளே போன புகை சராசரியாக 1 லிட்டர். அதிகபட்சம் 45 நிமிடம் பிடித்த ஹூக்காவில் 48.6 லிட்டர். ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடின் உச்ச அளவு ஏறக்குறைய மூன்று மடங்கு. நிகோடினின் உச்ச அளவு இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

இதை எத்தனை பேர் பிடிக்கிறார்கள்? 15 வயதுக்கு மேற்பட்டோரிடம் எடுக்கப்பட்ட உலகளாவிய புகையிலைக் கணக்கெடுப்பின்படி, 2009–10இல் இந்தியாவில் 0.9 விழுக்காட்டினர் ஹூக்கா பிடித்தார்கள். 2016–17இல் அது 0.7 ஆனது, அதாவது ஆயிரத்துக்கு ஏழு பேர். அதே கணக்கில் பீடி 7.7, சிகரெட் 4.0 விழுக்காடு. பார்த்தால் ஹூக்கா மறைந்துவருவதுபோலத் தோன்றும். ஆனால் அந்த ஏழு பேரில் பெரும்பாலோர் ஹரியானா, உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான் பக்கத்துக் கிராமத்தவர்கள், வயதில் மூத்தவர்கள். கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து ஒரே குழாயை மாற்றி மாற்றிப் பிடிக்கும் பழைய வழக்கம் அது. நகரத்துக் கடைகளில் மாசல் பிடிக்கும் இளைஞர்கள் வேறொரு கூட்டம்.

மற்ற நாடுகளிலும் இதேபோல இரண்டு கூட்டங்கள் தெரிகின்றன. வியட்நாமில் 2010இல் 6.4 விழுக்காட்டினர் தண்ணீர்க்குழாயில் புகைத்தார்கள். மூங்கில் குழாயோடு இருக்கும் கிராமத்து ஆண்களே அவர்களில் மிகுதி. எகிப்தில் 2009இல் 3.3 விழுக்காடு, அங்கும் கிராமம்தான் முன்னே நின்றது. ரஷ்யாவிலும் துருக்கியிலும் படம் தலைகீழ்: பிடிப்பவர்கள் நகரத்தவர்கள், படித்தவர்கள், இளையவர்கள். அமெரிக்காவில் 2014இல் பள்ளி இறுதி வகுப்பு மாணவர்களில் 22.9 விழுக்காட்டினர் அந்த ஓராண்டுக்குள் ஒருமுறையாவது ஹூக்கா பிடித்திருந்தார்கள். 2018இல் அது 7.8ஆகச் சரிந்தது. இளையவர்களின் மோகம் வேகமாக ஏறி வேகமாக இறங்கும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வீடுவீடாகப் போய் எடுக்கும் கணக்கில் அது எளிதில் சிக்காது.

நம் நாட்டுச் சட்டமும் இந்த இரு கூட்டத்தையும் ஒன்றாகப் பார்ப்பதில்லை. தமிழ்நாடு சட்டமன்றம் 2022 அக்டோபரில், மத்திய அரசின் 2003ஆம் ஆண்டுப் புகையிலைச் சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்து ஹூக்கா பார்களைத் தடைசெய்யும் மசோதாவை நிறைவேற்றியது. மீறி நடத்தினால் மூன்று ஆண்டு வரை சிறை. ஹரியானா அரசு 2023இல் ஓட்டல்களிலும் உணவகங்களிலும் ஹூக்கா தரத் தடை அறிவித்தது, கிராமத்துப் பாரம்பரிய ஹூக்காவுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தது. கரியும் புகையும் இரண்டு இடத்திலும் ஒன்றே.

கடைகளை மூடினாலும் குடுவையையும் குழாயையும் வாங்கி அறையில் வைத்துக்கொள்ள முடியும். அங்கே சட்டத்தைவிட வீட்டில் கேட்கும் கேள்விக்கு வேலை அதிகம். “சிகரெட் பிடிக்கிறியா கண்ணு?” என்று கேட்டால், வாரக்கடைசியில் நண்பர்களோடு ஹூக்கா பிடிக்கும் பையன் “இல்லீங்கம்மா” என்றுதான் சொல்வான். அவன் கணக்கில் அது பொய்யுமல்ல. ஹூக்காவை அவன் புகைப்பழக்கமாகவே நினைப்பதில்லை. பெற்றோரும் ஆசிரியரும் மருத்துவரும் சிகரெட், பீடி, ஹூக்கா என்று ஒவ்வொன்றையும் பேர் சொல்லித்தான் கேட்கவேண்டும். விடவேண்டும் என்று நினைப்பவர்கள் 1800-11-2356 என்ற தேசியப் புகையிலை நிறுத்த உதவி எண்ணைக் கட்டணமின்றி அழைக்கலாம்.